சாம்பற் காற்றில் பிராணாயாமம்

உடல், உள்ளம், ஆன்மா மூன்றையும் ஒரே கட்டணத்தில் சீர்செய்து தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் இப்போது தேர்தல் காலத்து வாக்குறுதிகளையும் மிஞ்சிவிட்டன. கடலோரத்தில் ஐந்து நாள் தங்கல். விடியலில் யோகாசனம், பின்னர் மூச்சுப் பயிற்சி, நண்பகலில் மூலிகைச் சாறு, மாலையில் எண்ணெய்க் காப்பு, இரவில் தியானம். இத்தனையும் முடிந்தால் உடம்பிலுள்ள நஞ்செல்லாம் நீங்கி மனிதன் இயற்கையோடு ஒன்றிவிடுவானாம். இலங்கையின் தென்கரையில் நெடுங்காலமாக நடந்துவரும் இந்த வாணிகத்துக்கு அண்மைக் காலத்தில் வாய்த்த புதிய களம் புத்தளம் மாவட்டத்தின் கரையோரம், குறிப்பாகக் கற்பிட்டிக் குடாநாடு.

யோகாசனத்தின் மீது எனக்கு வழக்கு எதுவும் இல்லை. காலையில் நடப்பதும், அளவோடு உண்பதும், நேரத்தோடு உறங்குவதும் மருந்துக் கடைக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைக்கும் என்பதை என் வயதில் உள்ளவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சித்த வைத்தியமும் யூனானியும் இக்கரையில் தலைமுறை தலைமுறையாக மக்களைக் காத்த கலைகள். என் வழக்கு வேறு. இயற்கை வாழ்வு என்பது தனி மனிதன் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் பண்டம் என்றும், நோய் என்பது அவனவன் ஒழுக்கக் குறைவின் பலன் என்றும் சொல்லாமற் சொல்லும் ஒரு போதனை பரவி வருகிறதே, அதன் மீதுதான் வழக்கு. அந்தப் போதனை பொய் என்பதைக் காட்ட இந்தக் குடாநாட்டைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

கற்பிட்டியைப் படத்தில் பாருங்கள். மேற்கே திறந்த கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இடையே வடக்கு நோக்கி நீளும் மெல்லிய மணல் நாக்கு. மே மாதம் தொடங்கிச் சோளகக் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையின் மேல் நீரிற் சறுக்கும் விளையாட்டுக்கு உலகெங்கிலும் இருந்து வெள்ளையர்கள் கந்தக்குளிக்கும் கப்பலடிக்கும் வருவது இந்தக் காற்றை நம்பித்தான். மாரியில் காற்றுத் திசை மாறிக் கடல் அடங்கும்போது, நவம்பர் முதல் ஏப்ரல் வரை, டொல்பின் கூட்டங்களையும் திமிங்கிலங்களையும் பார்க்க வேறொரு கூட்டம் வருகிறது. ஆக, காற்றும் கடலுமே இங்கே முதலீடு. அந்தக் காற்றையும் கடலையும் இன்னொருவரும் பயன்படுத்துகிறார் என்பது மட்டும் விளம்பரங்களில் இராது.

அவர் நுரைச்சோலையில் இருக்கிறார். 900 மெகாவாட் ஆற்றல் கொண்ட 'லக்விஜய' அனல் மின் நிலையம் அது. சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கிக் கடனில், சீன நிறுவனத்தால் கட்டப்பட்டது. முதலாவது அலகு 2011 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. 2014 செப்டெம்பரில் சீன அதிபர் சி சின்பிங் கொழும்புக்கு வந்த நாட்களில் முழு நிலையமும் திறந்துவைக்கப்பட்டது. ஆண்டுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரி இங்கே எரிகிறது. அத்தனையும் இறக்குமதி. சோளகத்திற் கடல் கொந்தளிப்பதனால், மாரிக் காலத்தில் நடுக்கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து சிறு கலங்களில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, ஆண்டு முழுமைக்கும் குவித்துவைக்கிறார்கள். டொல்பின் பார்க்க வருபவர்களின் பருவமும் நிலக்கரி இறங்கும் பருவமும் ஒன்றே.

நிலக்கரி எரிந்தால் சாம்பல் மிஞ்சும். பறக்கும் சாம்பலில் ஒரு பகுதியைச் சீமெந்துத் தொழிற்சாலைகள் எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியது நிலத்திலே குவிகிறது. பிறகு மே மாதம் வருகிறது. பட்டத்தை உயர்த்தும் அதே சோளகம் கரிக்குவியலின் தூசையும் சாம்பல் மேட்டின் பொடியையும் அள்ளிக்கொண்டு கிழக்கே உள்ள குடிமனைகளுக்கும் தோட்டங்களுக்கும் போகிறது. நுரைச்சோலை, நரக்களி, இலந்தையடி என்று அந்த ஊர்களுக்குப் பெயர்கள் உண்டு. மிளகாய்ச் செடியின் இலை கறுப்பதும், கிணற்று நீரில் படலம் படர்வதும், பிள்ளைகளுக்கு இருமல் விடாமல் இருப்பதும் அங்கே சோளகந்தோறும் எழும் முறைப்பாடுகள். காற்றுத் தடுப்பு வேலிகள் போட்டோம், நீர் தெளிக்கிறோம் என்று நிலையத்தார் சொல்வார்கள். ஊரவர்கள் வாயிற்படியில் விரலால் தேய்த்துக் காட்டுவார்கள். செய்தியாளர்கள் படம் எடுத்துப் போவார்கள். அடுத்த ஆண்டும் அப்படியே. எங்கள் தொழிலும் இதில் புனிதமானதன்று. ஒரே படத்தை ஆண்டுதோறும் வெளியிட்டுவிட்டு, இடைப்பட்ட மாதங்களில் ஒருவரும் அளவுகளைக் கேட்பதில்லை.

இந்த இடத்தில்தான் பிராணாயாமம் வருகிறது. நுண்தூசு என்பது தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவானது. மூக்கின் மயிரும் சளிப்படலமும் அதைத் தடுப்பதில்லை. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்று, அங்கிருந்து இரத்தத்துக்குள் நுழையும். உலக சுகாதார நிறுவனம் 2005இல் ஆண்டுச் சராசரி கன மீற்றருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்றது. 2021இல் அதையும் போதாதென்று 5 ஆகக் குறைத்தது. மூச்சை ஆழ இழுப்பதா, அடக்குவதா, இடது நாசியா, வலது நாசியா என்பதெல்லாம் நல்ல காற்று இருக்கும் இடத்தில் எழ வேண்டிய வினாக்கள். சாம்பற் காற்றில் ஆழ்ந்த மூச்சுவிடக் கற்றுக்கொடுப்பவர், கற்றுக்கொள்பவருக்கு ஒரு கிழமை கழித்துத் திரும்பிப் போக விமானச்சீட்டு இருப்பதனால் பிழைத்துக்கொள்கிறார். நரக்களிப் பிள்ளைக்கு அந்தச் சீட்டு இல்லை.

நிலையம் அமைவதற்கு முன்னரே மீனவரும் கமக்காரரும் கத்தோலிக்கக் குருமாரும் எதிர்த்தார்கள் என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். அவர்கள் எதிர்த்ததற்கு ஒரு காரணம் சற்று வடக்கே உள்ள தலவில புனித அன்னம்மாள் ஆலயம். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் நடக்கும் இரு திருவிழாக்களுக்கு நாடெங்கிலும் இருந்து இலட்சக்கணக்கானோர் வருவார்கள். சிங்களவரும் தமிழரும், கத்தோலிக்கர் அல்லாதவர்களும் வருவார்கள். மரத்தடிகளிலே கூடாரம் அடித்து, கல் வைத்துச் சமைத்து, கடற்கரையில் நாட்கணக்கில் தங்குவார்கள். உடலும் உள்ளமும் ஆன்மாவும் ஒன்றுசேரும் தங்கல் இக்கரைக்குப் புதிது என்று விளம்பரம் எழுதுபவர் தலவிலைக்கு ஒருமுறை போய்வரலாம். அங்கே கட்டணம் கிடையாது.

காற்றை விட்டு நீருக்கு வருவோம். என் மனத்தை அதிகம் உறுத்துவது இதுதான். குடாநாட்டில் ஆறு இல்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்பு நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அதுதான் கிணறு, அதுதான் தோட்டம், அதுதான் குடிநீர். கற்பிட்டி மணலில் மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மரக்கறிகளும் ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் விளைகின்றன. மணல் பசளையைப் பிடித்துவைக்காது. ஊற்றிய நீரோடு யூரியா கீழே இறங்கி, நைத்திரேற்று ஆகிக் கிணற்றிற் கலக்கிறது. 1990களிலேயே நம் நாட்டு ஆய்வாளர்கள் இக்குடாநாட்டுத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று அளவு கடந்திருப்பதை அளந்து எழுதிவிட்டார்கள். குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. வலிகாமத்துச் சுண்ணக்கற் கிணறுகளின் கதையும் இதேதான்.

அந்த எல்லை ஏன் வைக்கப்பட்டது? ஆறு மாதத்துக்குட்பட்ட புட்டிப்பால் குழந்தைக்காக. நைத்திரேற்று குழந்தையின் உடலில் நைத்திரைற்றாக மாறி, இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கிறது. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இப்போது இயற்கை வாழ்வு நூல்கள் சொல்லும் வைத்தியங்களை இதன் எதிரே வைத்துப் பாருங்கள். நீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்கின்றன. காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் நீர் ஆவியாகக் குறையக் குறைய நைத்திரேற்றின் செறிவு கூடும். மண்பானையில் ஊற்றிவையுங்கள், வெட்டிவேர் போடுங்கள், தேற்றாங்கொட்டை தேயுங்கள் என்கின்றன. தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும் என்பது உண்மையே. நைத்திரேற்று கலங்கல் அன்று. அது நிறமும் மணமும் சுவையும் இல்லாமல் தெளிந்த நீரிலேயே இருக்கும். செப்புப் பாத்திரமும் அதை அசைக்காது. அதை நீக்குவதற்குச் சவ்வூடு பரவற் பொறி போன்றது வேண்டும். அன்றேல் வேறிடத்திலிருந்து குழாய் நீர் வேண்டும். இரண்டும் தனி மனித ஒழுக்கத்தால் வருவன அல்ல, வரவு செலவுத் திட்டத்தால் வருவன. "நாளுக்கு மூன்று இலீற்றர் நீர் அருந்தி உடலைக் கழுவுங்கள்" என்ற அறிவுரை நல்லதா கெட்டதா என்பது எந்தக் கிணற்று நீர் என்பதைப் பொறுத்தது. (இப்பகுதியிற் கைக்குழந்தையுள்ள வாசகர்கள் எவரேனும் இருந்தால், தாய்ப்பாலே முதற் காப்பு. மாப்பால் கரைப்பதானால் சோதித்த நீரில் மட்டும் கரையுங்கள்.)

உடனே ஒரு குரல் எழும்: அப்படியானால் இரசாயனப் பசளையை ஒழித்துவிட வேண்டியதுதானே? அந்தக் குரல் ஒருமுறை நாட்டையே ஆண்டது. கோத்தாபய ராஜபக்ச அரசு 2021 ஏப்ரலில் அமைச்சரவையில் முடிவெடுத்து, மே மாதத்தில் வர்த்தமானி வெளியிட்டு, இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்தது. நஞ்சற்ற உணவு, நலமான குடிமக்கள், சிறுநீரக நோயிலிருந்து விடுதலை என்றெல்லாம் காரணம் சொன்னது. உண்மையில் டொலர் தட்டுப்பாடும் ஒரு காரணம் என்பதைப் பொருளியலாளர்கள் அப்போதே சொன்னார்கள். மாற்றுப் பசளை போதிய அளவு இல்லை, மாறுவதற்குக் காலமும் தரப்படவில்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை சரிந்தது. சீனாவிலிருந்து கப்பலேறி வந்த சேதனப் பசளையில் தீங்கான பக்றீரியா உண்டென்று நமது தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் கூற, சரக்கை இறக்காமலே 67 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது. நவம்பர் மாதத்தில் தடை கைவிடப்பட்டது.

அந்த ஏழு மாதங்களின் பெருங்கேடு அரிசித் தட்டுப்பாடு மட்டுமன்று. "இயற்கை வேளாண்மை" என்ற சொல்லைக் கமக்காரன் காதில் ஒரு தலைமுறைக்கு நாறச் செய்தது அதைவிடப் பெருங்கேடு. கற்பிட்டியைப் போலப் பசளையைக் குறைக்க வேண்டிய இடம் இந்நாட்டில் வேறில்லை. மண்ணைச் சோதித்து, எவ்வளவு போதும் என்று சொல்லி, நீரைச் சொட்டுச் சொட்டாகப் பாய்ச்சப் பழக்கி, பத்து ஆண்டுத் திட்டமாக நடத்தியிருந்தால் அது நடந்திருக்கக்கூடும். மேலும் ஒன்று. கோழி எருவும் மாட்டெருவும் அளவுமீறி மணலிற் கொட்டப்பட்டால் அவையும் நைத்திரேற்றாகவே கிணற்றை அடையும். மலக்குழிகளிலிருந்தும் அதுவே வரும். நீருக்கு இயற்கை, செயற்கை என்ற பேதம் தெரியாது. "இயற்கையானது" என்று ஒட்டிய சீட்டைப் பார்த்து நலம் என்று நம்புவதும், "இரசாயனம்" என்ற சொல்லைக் கேட்டு நஞ்சென்று நடுங்குவதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

அந்த அறியாமைக்கு அதே காலத்தில் அரசே விழா எடுத்தது. 2020 டிசெம்பரில் கேகாலையில் ஒருவர் தயாரித்த பாணி கொரோனாவைத் தீர்க்கும் என்று சொல்ல, ஆயிரக்கணக்கானோர் அங்கே முண்டியடித்தார்கள். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பலர் பார்க்க அதைப் பருகினார். அடுத்த மாதமே அவருக்குத் தொற்று உறுதியாயிற்று. சித்தரும் ஆயுர்வேத ஆசான்களும் ஏட்டில் எழுதிவைத்த பத்தியமும் அளவும் நோயறி முறையும் எங்கே, இந்தப் பாணி எங்கே? மரபு வைத்தியத்துக்கு முதற் பகைவர்கள் அதன் பெயரால் கடை விரிப்பவர்களே.

இனி, பலருக்குப் பிடிக்காத ஒரு செய்தி. இணையத்தில் 'ஆலங்குடா' என்று தேடினால் கடற்கரை விடுதிகளும் டொல்பின் படகுகளும் வரிசையாக வரும். புகைபோக்கி சில கிலோமீற்றர் தெற்கே நிற்கிறது. படங்களில் அது விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கும் என் வயதுச் செய்தியாளர்களுக்கும் ஆலங்குடா என்றால் முதலில் நினைவுக்கு வருவது அகதி முகாம். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் விரட்டினார்கள். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். மன்னாரிலிருந்து வள்ளமேறியவர்கள் கற்பிட்டிக் கரையிற் கால் வைத்தார்கள். கிடுகுக் கொட்டில்களில், இதே மெல்லிய நன்னீர்ப் படையின் மேல், ஆண்டுக்கணக்கில் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். அவர்களை ஏற்றுக்கொண்ட புத்தளத்து மக்களும் தம் கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் அவர்களோடு பங்கிட்டுக்கொண்டார்கள். தமிழில் எழுதுகிறவன் இதைச் சொல்லாமல் அந்த மணலில் ஆன்ம அமைதி பற்றிப் பேசுவது தகாது. மீண்டு போனவர்கள் போக, அங்கேயே வேரூன்றியவர்கள் உண்டு. விடுதியின் விரிப்பைத் துவைப்பவர்களும் தோட்டத்துக்கு நீர் இறைப்பவர்களும் அவர்களிடையே இருக்கக்கூடும். எண்ணெய்க் காப்பு அவர்களுக்கு அன்று.

கரையோர மீனவர் நிலையும் வேறன்று. கற்பிட்டியைச் சூழ்ந்த 14 தீவுகளை உல்லாசப் பயணத் துறைக்காகக் குறித்த ஒருங்கிணைந்த திட்டம் வந்தபோது, மீனவர் கேட்டது ஒரே கேள்வி: எங்கள் வாடி எங்கே, எங்கள் கரைவலைப் பாடு எங்கே? கரைவலை இழுக்கத் திறந்த கடற்கரை வேண்டும். வேலி போட்ட கரையில் தியானம் செய்யலாம், வலை இழுக்க முடியாது. இதற்கு முன்பு இறாற் பண்ணைகளும் வேலி போட்டன. கண்டற் காடுகளை வெட்டிக் குளம் கட்டினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் பல அழிந்தன. கைவிட்ட குளங்கள் சிலாபம் முதல் புத்தளம் வரை இன்றும் வெயிலிற் காய்கின்றன.

குப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீத்தொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 32 உயிர்களைப் பறித்தது. அதன் பின்னர் தலைநகரம் தன் குப்பைக்குக் கண்ட வழி, ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தள்ளி, வில்பத்துக் காட்டுக்கு அருகே, சீமெந்துக்குச் சுண்ணக்கல் தோண்டிய அருவக்காட்டுக் குழிகள். புத்தளத்து முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும் 2018இல் தொடங்கி மாதக்கணக்கில் வீதியில் இருந்தார்கள். 'கிளீன் புத்தளம்' என்ற பெயரில் இளைஞர்கள் திரண்டார்கள். 2019 ஆகஸ்டில் லொறிகள் வந்தே விட்டன. சீமெந்து ஆலைத் தூசு, அனல் நிலையச் சாம்பல், கொழும்புக் குப்பை என மூன்றையும் ஒரே மாவட்டம் ஏந்த வேண்டும் என்பது எந்தச் சமநிலைக் கோட்பாடு? உடலின் சமநிலை பற்றி ஐந்து நாள் வகுப்பு எடுப்பவர்கள் இதற்கும் ஒரு வகுப்பு எடுக்கலாம்.

உப்பைச் சொல்லாமற் புத்தளத்தைப் பற்றி எழுதுவது எப்படி? நாட்டின் உப்பில் பெரும் பங்கு தந்த அளங்கள் இங்கே உள்ளன. நம் வீட்டுப் பிள்ளைகளோ பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்து இளஞ்சிவப்பு உப்பை 'இமாலய உப்பு' என்ற பெயரில் பத்து மடங்கு விலைக்கு வாங்குகிறார்கள். அதில் தாதுக்கள் உண்டாம். உண்டுதான், பயன்படும் அளவில் இல்லை. பயன்படும் ஒன்றான அயடீன் அதிலே பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. இலங்கையில் கண்டமாலை என்ற கழுத்து வீக்க நோய் பெருமளவு குறைந்தது, 1990களின் நடுப்பகுதியிலிருந்து உப்பில் அயடீன் சேர்ப்பதைச் சட்டமாக்கியதனால். ஒருவரும் யோகாசனம் செய்யவில்லை, ஒருவரும் மனத்தைத் தூய்மையாக்கவில்லை. ஒரு சட்டம், ஒரு சிட்டிகை அயடீன், அவ்வளவே.

உப்பென்றதும் காந்தியார் நினைவுக்கு வருகிறார். இயற்கை வைத்தியத்தில் அவரைப் போலப் பற்றுக் கொண்ட அரசியல் தலைவர் வேறிலர். 1946இல், தமது 76ஆம் வயதில், புனேக்கு அருகே உருளி காஞ்சனில் இயற்கை வைத்திய ஆசிரமம் தொடங்கியவர். தென்னாபிரிக்காவிலேயே தம் உணவிலிருந்து உப்பை நீக்கி நெடுங்காலம் வாழ்ந்தவர். அப்படிப்பட்டவர் 1930இல், "உப்பில்லாமல் உண்ணுங்கள், உடம்புக்கு நல்லது, வரியும் மிச்சம்" என்று மக்களுக்கு உபதேசித்திருக்கலாம். இன்றைய நலவாழ்வுக் குருமார் அதைத்தான் செய்திருப்பார்கள். அவரோ ஏழையின் உப்புக்காகத் தண்டிக்கு நடந்தார். தமக்கு வைத்துக்கொண்ட நோன்பு வேறு, பிறருக்குள்ள உரிமை வேறு என்ற தெளிவு அவருக்கு இருந்தது.

தமிழ்நாட்டில் நம்மாழ்வாரும் அவ்வழிப்பட்டவரே. கருப்பட்டி, வரகு, சாமை விற்கும் கடைகளில் அவர் பெயர் இன்று அடிக்கடி கேட்கிறது. அவர் 2013 டிசெம்பர் 30 அன்று காலமானபோது கடையொன்றும் நடத்திக்கொண்டிருக்கவில்லை. காவிரிப் படுகையில் மீதேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த வேளையில், பட்டுக்கோட்டைக்கு அருகே உயிர் நீத்தார். மண்ணை விட்டுவிட்டு மனிதனுக்கு மட்டும் நலம் தேட இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். அதை வசதியாக மறந்துவிட்டுச் சாமையைப் பொட்டலம் கட்டுகிறோம்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. விடுதிகள் வேலை தருகின்றனவே என்பார்கள். தருகின்றன, அவற்றை மூடச் சொல்லி யாரும் எழுதவில்லை. மின்சாரம் வேண்டாமா என்பார்கள். வேண்டும். நாட்டின் மின்சாரத்தில் பெரும் பங்கு நுரைச்சோலையிலிருந்து வருகிறது. அங்கே ஓர் அலகு நின்றால் கொழும்பில் விளக்கு அணைகிறது. ஆனால் சாம்பலை மூடிவைத்தால் மின்சாரம் குறைந்துவிடாது. அதே சோளகத்தில் 2010 முதல் மாம்புரியில் காற்றாலைகள் சுழல்வதையும் கண்டோம். மூன்றாவது வாதம்தான் கவர்ச்சியானது: "அரசாங்கம் திருந்தும்வரை காத்திராமல், அவரவர் உடம்பை அவரவர் பார்த்துக்கொள்வது நல்லதுதானே?" நல்லதுதான். ஆனால் பார்த்துக்கொள்ள வசதி உள்ளவர் ஒதுங்கிக்கொண்டதும் குரல் கொடுக்க எஞ்சுவோர் யார்? போத்தல் நீர் வாங்கும் வீடு கிணற்றைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிடுகிறது. ஊரின் வாய் வன்மை உள்ள பத்துக் குடும்பங்கள் போத்தலுக்கு மாறிவிட்டால், கிணறு கேட்பாரற்றுப் போகிறது.

மாறாக நடந்த இடமும் உண்டு. சுன்னாகத்தில் மின் நிலைய வளவிலிருந்து எண்ணெய்க் கழிவு ஊர்க் கிணறுகளுக்குள் இறங்கியபோது, மக்கள் வீதிக்கு வந்தார்கள், கிணற்று நீரைச் சோதிக்கச் செய்தார்கள், வழக்குத் தொடரப்பட்டது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாதிப்பின் அளவுக்கு அத்தொகை சிறிதே. எனினும் எண்ணெய் கலந்த நீரை மூலிகையால் தெளியவைத்துக் குடிக்கும்படி எவரும் அம்மக்களுக்குச் சொல்லவில்லை.

கற்பிட்டிக்குக் கேட்க வேண்டியவை நீண்ட பட்டியல் அன்று. நுரைச்சோலையைச் சுற்றியுள்ள ஊர்களில் நுண்தூசு அளவு நாள்தோறும் எடுக்கப்பட்டு, தமிழிலும் சிங்களத்திலும் ஊரின் பொதுவிடத்தில் எழுதிவைக்கப்பட வேண்டும். கரியும் சாம்பலும் சோளகம் தொடங்குமுன் மூடப்பட வேண்டும், தொடங்கிய பின்னர் நீர் தெளிப்பதன்று. பொதுக் கிணறு ஒவ்வொன்றிலும் நைத்திரேற்று அளவைப் பூச்சில் எழுதி, எல்லை கடந்த கிணற்றுக்குப் பதிலாகக் குழாய் நீர் வர வேண்டும். கமக்காரருக்கு மண் சோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு புதிய கடலோரப் பெருவிடுதிக்கு அரசு கொடுக்கும் வரிச்சலுகையோடு ஒப்பிடத் தக்கதே.

புலம்பெயர்ந்த வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு அக்கரையில் நலவாழ்வுத் தங்கலுக்கு முன்பதிவு செய்கிறீர்களானால், பணம் அனுப்புமுன் விடுதிக்கு மூன்று கேள்விகளை எழுதிக் கேளுங்கள்: உங்கள் குடிநீர் எங்கிருந்து வருகிறது, அதன் நைத்திரேற்று அளவு என்ன, அதே நீரை உங்கள் ஊழியர்களின் வீடுகளும் குடிக்கின்றனவா? வரும் பதில்களை எனக்கும் அனுப்பிவையுங்கள். பெயர் குறிப்பிடாமல் இங்கே வெளியிடுகிறேன்.